உறவுமுறை எழுதும் இடம்

புதன்கிழமை மாலை குளிர்கிடங்கு வாசலில் ராதோஷ் விழுந்தார். விழுவதற்கு முன் கையிலிருந்த ராஸ்பெரிப் பெட்டியைத் தராசின் மேல் ஒழுங்காக வைத்தார். இடது கையால் சட்டையின் மேல் பொத்தானைத் தேடினார். அப்புறம்தான் முழங்கால் மடிந்தது. பழத்தைக் காப்பாற்றிவிட்டுத்தான் மனிதர் விழுந்தார் என்று வரிசையில் டிராக்டரோடு நின்றவர்கள் அன்றைக்கே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அவருக்கு அடுத்து நின்றவர் விதோயே. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. கிடங்குக்காரரின் வேனிலிருந்து பெட்டிகளை இறக்கிவிட்டு, பழச்சாறு பிசுபிசுத்த வேன் தரையில் ராதோஷைக் கிடத்தி உஷீட்சே நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் விதோயே அவர் தலையை மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"கும், கண்ணைத் திற. கும், தூங்காதே."

ஒரு முறை ராதோஷ் உதட்டை அசைத்தார். "எடை போட்டானா?"

"போட்டான்."

"பெட்டி எடையைக் கழிச்சானா?"

"கழிச்சான். பேசாம வா."

"ரெண்டு பெட்டி எடையைக் கழிச்சிருப்பான். திருட்டுப்பய."

ராதோஷ் விதோயேயின் வீட்டுக்குக் கும். விதோயேயும் மிலேவாவும் தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டபோது பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்றவர். அவர்கள் மகன் நெமான்யாவை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து துணியில் ஏந்தி வாங்கியவர். அவருக்கு முன் அவருடைய அப்பா இந்த வீட்டுக்குக் கும்மாக இருந்தார். வயலைப் பிரித்துக்கொள்வதுபோல் இந்த உறவைப் பிரித்துக்கொள்ள முடியாது. கும் வீடு என்றால் அந்த ஒரு வீடுதான். இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் கும் என்றே கூப்பிடுவார்கள், பெண்ணாக இருந்தால் குமா. கும் இல்லாமல் ஞானஸ்நானம் இல்லை. கும்முக்கு உடம்பு சரியில்லாதபோது வேறு ஆளை அந்த இடத்தில் நிறுத்துவது எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரியம்.

சனிக்கிழமை ராதோஷையும் சேர்த்து மூன்று பேரும் விமானம் ஏறி மால்டாவுக்குப் போவதாக இருந்தது. நெமான்யா அங்கே பஸ் ஓட்டுகிறான். அவனுக்குப் பிறந்த பெண் குழந்தை தூன்யாவுக்கு எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்.

இதயத்துக்குப் போகும் ஒரு குழாய் அடைத்திருந்தது, திறந்துவிட்டோம், ஆபத்து தாண்டிவிட்டது, ஆனால் பத்து நாள் கட்டிலைவிட்டு நகரக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். விமானம் என்ற வார்த்தையை விதோயே சொன்னதும் அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வியாழன் காலை பனி உலர்வதற்கு முன்பே மிலேவா ராஸ்பெரி வரிசைக்குள் இறங்கியிருந்தாள். கடைசிப் பறிப்பு. விடியலில் இளஞ்சிவப்பாக இருக்கும் பழம் மதிய வெயிலுக்குள் கறுத்து, தொட்டால் கையோடு கரைந்துவிடுகிற பருவம். மேற்கே மலைக்கு மேல் மேகம் திரண்டுகொண்டிருந்தது. மழை விழுந்தால் மிச்சம் இருப்பது ஜாமுக்குக்கூட ஆகாது. வேலைக்கு வந்திருந்த நான்கு பெண்களும் இடுப்பில் கூடை கட்டி, வரிசைக்கு ஒருத்தியாக இரண்டு கையாலும் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

விதோயே ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நேராகச் சமையலறைக்குப் போனார். மிலேவா பின்னாலேயே வந்து பார்த்தபோது, சோள ரொட்டியை உடைத்து, கய்மாக் பாலாடையை அப்பி, பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது துண்டு. பிறகு மூன்றாவது. பயணத்துக்குப் பணம் கட்டிய மே மாதத்திலிருந்து அந்த மனிதர் இப்படிச் சாப்பிட்டு அவள் பார்க்கவில்லை. ராத்திரியெல்லாம் புரண்டு படுப்பார், சூப்பைக் கலக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார், கேட்டால் வயிற்றில் எரிச்சல் என்பார்.

"கும் எப்படி இருக்காரு?"

"பிழைச்சுட்டான். நர்ஸுகிட்ட சண்டை போடறான், சூப்புல உப்பு இல்லேன்னு."

"கடவுளுக்கு நன்றி." அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். கை முழுக்கப் பழச்சிவப்பு.

"மிலேவா," என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. "அப்போ நம்ம பயணம் இல்லைன்னு ஆச்சு. ஸோரிட்சாவுக்கு ஃபோன் போடு. அந்த இன்சூரன்ஸ் எடுத்தோமில்ல."

அவள் ஃபோனை எடுக்கவில்லை. அவரே எடுத்தார். அதுவே அதிசயம். வீட்டில் ஃபோன் போடுவது எப்போதும் அவள்தான்.

ஸோரிட்சா பஸ் நிலையத்துக்கு எதிரே பயண அலுவலகம் வைத்திருக்கும் பெண். ஊர்க்காரி. கடலுக்குப் போகிறவர்கள், துருக்கிக்குப் போகிறவர்கள், பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் கூடவே ஒரு ரத்து இன்சூரன்ஸையும் தலையில் கட்டிவிடுவாள். போகமுடியாமல் போனால் கட்டிய பணம் திரும்பி வரும். பெரும்பாலோர் வேண்டாம் என்று கையை உதறுவார்கள். விதோயே மட்டும் அவள் வாயைத் திறக்கும் முன்பே போடு என்றிருந்தார்.

ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. "ஐயோ மாமா, கேள்விப்பட்டேன். ராதோஷ் மாமா எப்படி இருக்காரு? சரி, நான் ஃபைலைத் திறக்கறேன். நெருங்கிய உறவினருக்குக் கடும் நோய்னா முழுப்பணமும் வரும். ஆனா நாளைக்கு நாலு மணிக்குள்ள நான் அனுப்பணும். விமானம் கிளம்ப இருபத்துநாலு மணி நேரம் முன்னாடி."

"அனுப்பு."

"அனுப்பறேன். ஒரு சின்ன விஷயம் இருக்கு." அவள் குரல் தாழ்ந்தது. "மே மாசம் நெருங்கிய உறவினர் பேரெல்லாம் கேட்டேனே, நீங்க கும் ராதோஷ்னு சொன்னீங்க. கம்ப்யூட்டர்ல உறவுமுறைக் கட்டத்துல மனைவி, பிள்ளை, அப்பா அம்மா, சகோதரர், சகோதரி, அவ்வளவுதான் இருக்கு. கும் இல்ல. நான் என்ன பண்ணுவேன்? சகோதரர்னு போட்டுட்டேன். அப்ப அது தப்பாவே தோணல மாமா. கும்னா சகோதரருக்கு மேலதானே, கீழ இல்லையேன்னு நினைச்சேன்."

"சரியாத்தான் நினைச்சே."

"ஆனா குடும்பப் பேரு வேற வேறயா இருக்கு. கம்பெனி வெளிநாட்டுது, அவங்களுக்கு நம்ம வழக்கம் தெரியாது. அதனால ஒரு வரி சேர்த்திருக்கேன். ஒரே தாய், வேற தந்தைன்னு. அவரு கையெழுத்துப் போட்டா போதும். தாளை அலுவலகத்துல வந்து வாங்கிக்கோங்க. மாமா, நான் எழுதினதுன்னு யாருக்கும்..."

"உன் பேரு வராது, பொண்ணே. நீ நல்லா இரு."

ஃபோனை வைத்தபோது அவர் முகம் கழுவினதுபோல் தெளிந்திருந்தது. மிலேவா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ரொம்பச் சந்தோஷமா இருக்கே."

"கும் ஆஸ்பத்திரில கிடக்கான், எனக்கென்ன சந்தோஷம்?"

"மூணு துண்டு ரொட்டி தின்னே."

"ராத்திரி முழுக்கப் பட்டினி."

"மூணு மாசமாப் பட்டினி. இன்னிக்குத்தான் பசிக்குது உனக்கு." அவள் கூடைக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள், முடிச்சு வரவில்லை, விட்டுவிட்டாள். "ஒண்ணு கேக்கறேன் மனுஷா. முப்பது வருஷமா ஆலங்கட்டி மழை பழத்தை அடிச்சுட்டுப் போகுது. ஒரு தடவையாவது அதுக்கு இன்சூரன்ஸ் எடுத்தியா? ஏமாத்துக்காரப் பயலுக, கடவுள் பாத்துப்பாருன்னே. மகனைப் பாக்கப் போறோம்னதும், அவ கேக்கறதுக்கு முன்னாடி எடுத்தே. போறதுக்கா எடுத்தே? போகாம இருக்கறதுக்கு எடுத்தே."

"கத்தாதே. வெளில ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். ஆறு வருஷம் முன்னாடியும் ஆளுங்க இருந்தாங்க."

ஆறு வருடத்துக்கு முன், பழம் விலை விழுந்த கோடையில், நெமான்யா அப்பாவைக் கேட்காமல் கிழக்கு ஓரத்தில் பன்னிரண்டு வரிசை ராஸ்பெரியை டிராக்டர் போட்டுப் பிடுங்கினான். ப்ளூபெரி வைக்கலாம் என்று அவனுக்கு யோசனை. விதோயே ஓடிவந்து, பதினோரு பறிப்பாட்கள் கூடையோடு நின்று பார்க்க, இருபத்தைந்து வயது மகனை டிராக்டரிலிருந்து இறக்கிக் கன்னத்தில் அறைந்தார். அவன் சாவியை அதிலேயே விட்டுவிட்டுப் போனான். அந்த இடத்தில் இன்றுவரை எதுவும் வைக்கவில்லை. புல்தான் வளர்கிறது. பண்டிகைக்குப் பண்டிகை ஃபோன் வரும். அவள் பேசுவாள். இவரிடம் கொடுத்தால் "நல்லா இருக்கியா", "இருக்கேன்", "மழை உண்டா", அதோடு சரி. ஊரில் யாராவது மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால், "ஒரு தீவுல வட்டமாச் சுத்திக்கிட்டிருக்கான்" என்பார்.

மே மாதம் நெமான்யா அம்மாவிடம் சொன்னான்: "இந்தத் தடவை அப்பா வரணும். வரலேன்னா அதுக்கப்புறம் நான் கேக்கமாட்டேன்." அவன் குரலை உயர்த்திச் சொல்லவில்லை. அதனால்தான் அவள் அதை நம்பினாள்.

"கும் இல்லாம எப்படிப் போறது, நீயே சொல்லு," என்றார் விதோயே. "ஞானஸ்நானம் நடக்காது. பாதிரியார் என் மூஞ்சியையா பாப்பாரு? போய் என்ன பண்றது அங்க?"

"பேத்தியைப் பாக்கறது."

"ஃபோன்ல பாக்கறேனே."

"நீ எங்க பாக்கறே? நான் பாக்கறேன். நீ பின்னாடி நின்னு என் தலைக்கு மேல எட்டிப் பாக்கறே."

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டு வெளியே போனார். மிலேவா பீன்ஸ் சூப்பில் இன்னொரு மிளகாயைக் கிள்ளிப் போட்டாள். தேவைக்கு மேல் போட்டுவிட்டாள் என்பது மதியம் வேலைக்காரப் பெண்கள் மூக்கை உறிஞ்சியபோதுதான் தெரிந்தது.

"யாரு மேல கோபம் மிலேவாக்கா, எங்க மேலயா?" என்றாள் ரூஷா, எட்டு வருடமாக இதே வயலுக்கு வருகிறவள். "கடலுக்குப் போற பொம்பளை சிரிச்ச முகமா இருக்கணும்."

"போகல, அவ போகல," என்றார் விதோயே தட்டைப் பார்த்தபடி. "கும் படுத்துட்டான். நாங்க ரத்து பண்றோம்."

"அவன் ரத்து பண்றான்," என்றாள் மிலேவா. "நான் போறேன். வேணும்னா தனியாப் போறேன்."

கரண்டிகள் நின்றன. ரூஷா மட்டும் மெல்ல, "தனியாவா? விமானத்துலயா?" என்றாள்.

"ஏன், விமானத்தை இவனா ஓட்டறான்?"

பெண்கள் சிரித்தார்கள். விதோயேயும் சிரிக்க முயன்றார். அவருக்குத் தெரியும், இந்த முப்பத்து மூன்று வருடத்தில் மிலேவா சொல்லிச் செய்யாமல் விட்டது எதுவும் இல்லை. அவள் மட்டும் போய் இறங்கினால் நெமான்யா வாசலில் அவளுக்குப் பின்னால் பார்ப்பான். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அந்தப் பார்வையை அவர் மனத்தில் பார்த்தார். பார்த்ததும் சூப்புத் தட்டைத் தள்ளிவிட்டார். காலையில் வந்த பசி போய்விட்டிருந்தது.

சாயங்காலம் அவர் அலுவலகம் போய்த் தாளை வாங்கிவந்தார். மழை வரவில்லை. மேகம் மலைமேலேயே உட்கார்ந்துகொண்டு, இப்போதா அப்போதா என்று பயம் காட்டியது.

வெள்ளி மதியம் பன்னிரண்டரைக்குப் பறிப்பு முடிந்தது. மிலேவா கோழி சூப்பை ஜாடியில் ஊற்றித் துணியால் சுற்றினாள். அவளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகத்தான் விதோயே நினைத்திருந்தார். கார்க் கதவைத் திறந்தபோது அவள் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள், ஜாடி மடியில்.

வழியெல்லாம் தாள் நான்காக மடிந்து அவர் சட்டைப்பையில் இருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ராதோஷ் தலையணையில் சாய்ந்து ஜன்னலோரம் கிடந்தார். இரண்டே நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. மீசை மட்டும் அப்படியே.

"வந்தீங்களா? குமா, சூப்பா? உப்பு போட்டியா?"

"டாக்டருக்குத் தெரியாம கொஞ்சம்."

"அதான் குமா. இங்க வெந்நீரைத் தட்டுல ஊத்திட்டு சூப்புங்கறாங்க." இரண்டு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "லின்ஸ் ஊர்ல இருக்கற என் மகள் நேத்து பூரா அழுதா. அவ எடுத்துக் குடுத்த டிக்கெட் போச்சேன்னு இல்ல, எனக்காகத்தான். நாளைக்கு வந்துடறா. நீங்க நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க?"

விதோயே நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கிப் போட்டார். "அதைப் பத்தித்தான். ஒரு கையெழுத்து வேணும் கும். ஆஸ்பத்திரித் தாள். சும்மா ஒரு வழக்கத்துக்கு."

"குடு."

தாளைப் பிரித்து ஒரு அட்டைமேல் வைத்து நீட்டினார். கட்டைவிரல் நடுவில் ஒரு வரியை மறைத்திருந்தது. ராதோஷின் கண்ணாடி குளிர்கிடங்கு வாசலில் அவர் விழுந்தபோது உடைந்துபோயிருந்தது. அவர் பேனாவை வாங்கினார். "எங்க போடணும்?"

"இங்க. கீழ."

சுவரில் கடிகாரம் இரண்டேகால். மிலேவா ஜன்னலருகே ஜாடி மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பேனா முனை தாளைத் தொட்டது. மூடி கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை.

"போடறதுக்கு முன்னாடி என்னன்னு கேளு கும்," என்றாள்.

"மிலேவா."

"நான் படிக்கறேன்." விதோயேயின் கையிலிருந்து அட்டையை வாங்கினாள். அவர் இறுக்கிப் பிடிக்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "பயணம் ரத்து பண்ண மனு. காரணம், நெருங்கிய உறவினரின் கடும் நோய். உறவினர் பேரு, ராதோஷ். உறவுமுறை, சகோதரர். ஒரே தாய், வேறு தந்தை."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். ராதோஷ் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஒரே தாயா?"

"கம்பெனிக்காக ஸோரிட்சா எழுதினது கும். பேரு வேற வேறயா இருக்கில்ல..."

"எங்கம்மாவா உங்கம்மாவா? யாரு எந்த வீட்டுக்குள்ள போனதா எழுதியிருக்கு?"

"கும், அது ஒரு காகிதம்."

"எங்கம்மா கல்லறைல இருந்து எழுந்து வந்து உன் காதைப் பிடிச்சுத் திருகுவா. காகிதமாம்." அவர் மூச்சு வாங்கினார். மிலேவா பயந்துபோய் அருகே வந்தாள். அவர் கையை ஆட்டி அவளை நிறுத்தினார். "அதைக்கூட விடு. சகோதரர்னு போட்டிருக்கியே, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? உனக்குச் சகோதரன் ஒருத்தன் இருக்கான். மிலின்கோ. வேலிக்காக ஒன்பது வருஷம் கோர்ட்டுக்கு இழுத்தான். உங்கப்பன் சாவுக்கு வந்தவன் கோடாலியோட வந்தான். அவன் வரிசைல கொண்டுபோய் என்னை நிறுத்தறியே. நான் எப்பவாவது உன் வேலியை நகர்த்தினேனா?"

"இல்ல."

"உன் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியிலேருந்து எடுத்தது மிலின்கோவா நானா?"

"நீதான்."

"அப்புறம் எதுக்கு என்னைக் குறைச்சே?"

விதோயே தொப்பியை முழங்காலில் வைத்துச் சுழற்றினார். பணம் என்று ஆரம்பித்தார். ஒரு பறிப்புக் காசு அப்படியே போகுமே என்றார்.

"பணமா?" என்றாள் மிலேவா. "கும்கிட்டயும் அதையே சொல்லு."

"என்ன சொல்லச் சொல்றே?"

"உனக்குத் தெரியும்."

வெளியே தள்ளுவண்டி ஒன்று கடகடத்துப் போனது. அது போய் முடியும்வரை விதோயே காத்திருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் தொப்பியிடம் பேசினார்.

"நீ இருந்தா, நீ முன்னாடி போவே. வாசல்ல நீதான் கும், உன்னைத்தான் முதல்ல கட்டிப் பிடிப்பான். பாட்டு, மெழுகுவர்த்தி, விருந்துன்னு நாள் ஓடிடும். நான் கூட்டத்துல ஒரு ஆளா நிப்பேன். போட்டோ எடுப்பாங்க. திரும்பி வந்துடலாம். நீ இல்ல, ஞானஸ்நானமும் இல்லேன்னா..." அவர் தொப்பியின் விளிம்பை மடித்தார். "அங்க எதுக்கு வந்தேன்னு கேட்டா நான் என்ன சொல்றது? அவன் வாசல்லயே நின்னு கேட்டா?"

ராதோஷ் பேனாவை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கும் தெரியாது கும். எனக்கு இருக்கறது ஒரு மகள். அவளை நான் அடிச்சதில்ல. அதனால இதுல என்னால உனக்கு உதவ முடியாது." தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "குழந்தை காத்திருக்கட்டும். இலை உதிர்றதுக்குள்ள நான் எழுந்துடுவேன், அப்ப நானே போய் ஞானஸ்நானத் தொட்டியிலேருந்து ஏந்தி வாங்கறேன். ஆனா அந்தத் தாள்ல சகோதரன்னு போட்டு நான் கையெழுத்துப் போடமாட்டேன். கும்னு எழுதிக் கொண்டுவா, எத்தனை வேணும்னாலும் போடறேன்."

"கும்னு எழுதினா பணம் தரமாட்டான்."

"தரமாட்டான்னா தரவேணாம். இப்ப ரெண்டு பேரும் போங்க. சூப்பு ஆறுது."

கீழே ஆஸ்பத்திரி முற்றத்தில் லிண்டன் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். புகைபிடிக்க வந்த நோயாளிகள் சீருடையோடு நின்று மழை வருமா என்று வாதம் செய்தார்கள். மணி இரண்டே முக்கால். நான்கு மணிவரை ஸோரிட்சா காத்திருப்பாள். தாளில் கீழே ஏதோ ஒரு கிறுக்கல் இருந்தால் போதும். அதை விதோயேயே கிறுக்கிவிட முடியும். அது இருவருக்கும் தெரிந்திருந்தது. பேனா அவர் கையிலேயே இருந்தது.

மிலேவா சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டாள். நாளைக்கு எந்தப் பஸ் பிடித்தால் பெல்கிரேடு விமான நிலையத்தில் எந்த வாசலில் இறங்கவேண்டும் என்று மனத்துக்குள் தனியாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் ஃபோனைக் குடு," என்றார்.

ஸோரிட்சாவுக்கு என்று நினைத்து அவள் கொடுத்தாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஸோரிட்சாவைத் தாண்டி மேலே போனார். ஒரு பெயரில் நின்றார். விரலை அதன்மேல் வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மூன்றாவது மணியில் எடுத்தான். பின்னால் இன்ஜின் உறுமியது.

"சொல்லும்மா. வண்டி நிக்குது, ரெண்டு நிமிஷம் இருக்கு."

"நான் அப்பா."

இன்ஜின் சத்தம் நின்றது. பிறகு, "அம்மாக்கு என்ன?"

"அம்மா பக்கத்துலதான் உக்காந்திருக்கா. நல்லா இருக்கா. கும்முக்குத்தான் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரில இருக்கான். பிழைச்சுட்டான். ஆனா வரமுடியாது."

"ஐயோ. ஆபரேஷனா?"

"கைவழியா என்னமோ விட்டாங்களாம். இப்ப சூப்பு குடிக்கறான், திட்டறான்."

"சரி." அவன் மூச்சு விடுவது கேட்டது. "அப்போ ஞானஸ்நானம் இல்ல."

"இல்ல. இலையுதிர்ல வர்றானாம்."

"புரியுது. நான் பாதிரியார்கிட்ட சொல்லிடறேன். நீங்களும் வரலேன்னு ஆச்சு." குரலில் கோபம் இல்லை. இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பதுபோல் தட்டையாக இருந்தது. "அம்மாகிட்ட குடு அப்பா, நேரமாச்சு."

"இரு. கட் பண்ணாதே."

மிலேவா கையை நீட்டியிருந்தாள். அவர் ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்தினார்.

"நாங்க வர்றோம்."

"எதுக்கு?"

வந்துவிட்டது அந்தக் கேள்வி. வாசலுக்குப் போகும் முன்பே வந்துவிட்டது. அவர் மிலேவாவைப் பார்த்தார். அவள் உதவவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குன்னா," என்றார். நிறுத்தினார். "விசேஷம் இல்லாம வரக்கூடாதாடா? சும்மா வர்றோம். உன்னைப் பாக்க. அந்தக் குட்டியையும்."

அங்கே யாரோ ஏதோ பாஷையில் எதையோ கேட்டார்கள், நெமான்யா அதே பாஷையில் பதில் சொன்னான். பிறகு திரும்பி வந்தான்.

"நாளைக்கு எனக்குச் சாயங்கால டியூட்டி. ராத்திரி பத்து வரைக்கும். யாராவது மாத்திக்குவானான்னு கேக்கறேன். சீசன் நேரம், சுலபமா ஒத்துக்கமாட்டானுங்க."

"மாத்தாதே. உன் வண்டி ஏர்போர்ட்டுக்கு வருமா?"

"வரும். ஏழே காலுக்கு ஒரு தடவை வரும்."

"நாங்க ஆறரைக்கு இறங்கறோம். அப்போ அதுலயே ஏறிக்கறோம். நீ ஓட்டு. நாங்க பின்னாடி உக்காந்துக்கறோம், உன் வேலை முடியறவரைக்கும்."

"மூணு மணி நேரம் சுத்தணும் அப்பா. ஒரே தடத்துல."

"சுத்தறோம்."

"டிக்கெட் எடுக்கணும். குடும்பம்னு சும்மா ஏத்தமுடியாது."

"எடுக்கறேன். ரெண்டு பேருக்கும்."

அங்கே மணி ஒன்று அடித்தது. யாரோ இறங்கினார்கள், கதவு உஸ்ஸென்று மூடியது. அவன் போய்விட்டான் என்றுதான் விதோயே நினைத்தார். ஃபோனைக் காதிலிருந்து எடுக்கப் போனவர், மறுபடி குரல் கேட்டு அப்படியே நின்றார்.

"பின்னாடி உக்காராதே," என்றான் நெமான்யா. "பின்னாடி இன்ஜின், சூடு தாங்காது. எனக்குப் பக்கத்துல முன் சீட்டுல உக்காரு."